ரயில் பெட்டியில் மிஸ் இஸ்மேயின் முகம்

எங்கள் லைனில் ஓடும் ரயில்களில் ஏறியவர்கள் எல்லோருக்கும் மிஸ் இஸ்மேயைத் தெரியும். பெயர் தெரியாது, முகம் தெரியும். ஜன்னலுக்கு மேலே, பல் வைத்தியர் விளம்பரத்துக்கும் விபத்து வக்கீல் விளம்பரத்துக்கும் நடுவில், கன்னம் மலரச் சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் பெரிய எழுத்தில், "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு" என்று இருக்கும். அதற்குக் கீழே, "உங்கள் புதிய ரயில்கள் வருகின்றன" என்று இருக்கும். அந்த விளம்பர அட்டை மாட்டியிருந்த பெட்டியோ, என் தாயார் இந்த நாட்டுக்கு வருவதற்கு முன்பே ஓடத் தொடங்கியது.

அந்த அட்டை சொன்னது பொய். அவர் பேசியபோது நான் பக்கத்தில் நின்றேன். அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

மிஸ் இஸ்மே லாஷ்லி பார்படோஸ் தீவுக்காரர். பத்தொன்பது வயதில், ப்ரூக்ளினின் கிழக்கு ஓரத்தில் இருந்த அத்தை வீட்டுக்கு வந்தவர், அதே தெருவில்தான் இன்னும் இருக்கிறார். மன்ஹாட்டனில் ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் வேலை. கொதிக்கக் கொதிக்க வெளியே வரும் படுக்கை விரிப்புகளை வாங்கி வாங்கி, முழங்கைக்குக் கீழே தோல் வேறு நிறமாகிவிட்டது. நான் ஹோட்டலில் அறைகள் சுத்தம் செய்கிறேன். எங்கள் இருவருக்கும் ஒரே கட்டிடம், ஒரே ரயில், ஒரே பெட்டி. கண்டக்டர் இருக்கும் நடுப்பெட்டி. தனியாகப் போகும் பெண்கள் அதில்தான் ஏறுவோம்.

நான் அதிகம் பேச மாட்டேன். பேச வேண்டியதை மிஸ் இஸ்மே பேசிவிடுவார். ஒரு குளிர்காலம் முழுக்க எங்கள் கட்டிடத்தில் வீடுகளைச் சூடாக்கும் வெந்நீர்க் குழாய்கள் சில்லிட்டுக் கிடந்தன. வீட்டுக்காரர் நாளை, நாளை என்று சொல்லிக்கொண்டே இருந்தார். மிஸ் இஸ்மே கதவு கதவாகத் தட்டினார். கோர்ட்டில் போய் நின்றார். வீட்டுக்காரரின் வக்கீல், "எல்லா வீடும் குளிருதுன்னு சொல்றீங்களா?" என்று கேட்டபோது, "இல்லை. மூணாவது மாடியில ஒரு வீடு குளிரலை. அவங்க சூட்டுக்காக அடுப்பை எரியவிட்டுத் தூங்குறாங்க" என்று சொன்னார். தன் கட்சிக்கு உதவாத உண்மையைக்கூட மறைக்க மாட்டார். அதனால்தான் எங்கள் தெருவில், "இஸ்மே சொன்னா அது அப்படித்தான்" என்று ஒரு சொல்வழக்கே உண்டாயிற்று. அவருக்கு வேறு சொத்து கிடையாது. அந்தப் பேச்சுதான் சொத்து.

இனி ரயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பணக்காரர் வீட்டுப் பழைய சட்டை ஏழை உறவுக்கு வருவதுபோல, மற்ற லைன்கள் கழித்துக் கட்டிய பெட்டிகள் எங்களுக்கு வரும். மழை பெய்தால் கூரை ஒழுகும். கதவில் ஒரு பக்கம் திறக்கும், மறு பக்கம் யோசிக்கும். கண்டக்டர் ஏதாவது அறிவித்தால், வாயில் உருளைக்கிழங்கை வைத்துக்கொண்டு பேசுவது போலிருக்கும். கோடையில், கூட்ட நேரத்தில் ஒரு பெட்டி மட்டும் காலியாக வந்தால் அதில் ஏறக்கூடாது என்று இந்த ஊர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். குளிர்சாதனம் செத்த பெட்டி அது. வெளியூர்க்காரர்கள்தான் சிரித்துக்கொண்டு ஏறுவார்கள். எங்கள் லைனில் அந்த அடையாளமும் கிடையாது. எல்லாப் பெட்டியும் வெந்துகொண்டிருந்தால் எதைக் காலியாக விடுவது?

புதிய ரயில் வருகிறது என்றார்கள். வசந்தத்தில் என்றார்கள். வசந்தம் வந்து போனது. கம்பி வேலையில் கோளாறு என்றார்கள். பிறகு சாமான் வரவில்லை என்றார்கள். பிறகு பரிசோதனை என்றார்கள். அப்புறம் மறுபடியும் வசந்தம் என்றார்கள்.

கடைசியில் ஒரே ஒரு ரயில் வந்தது. சில வாரங்கள் ஓட்டிப் பார்ப்போம், பயணிகளிடம் கருத்துக் கேட்போம் என்று அனுப்பியிருந்தார்கள். அது எங்கள் நிலையத்துக்குள் நுழைந்த காலையில் பிளாட்பாரமே வாயைப் பிளந்து நின்றது. கதவுகள் கப்பல் கதவுபோல அகலமாகத் திறந்தன. உள்ளே வெளிச்சம். அடுத்த நிலையத்தின் பெயரை ஒரு பெண் குரல் தெளிவாகச் சொன்னது. அந்தக் காலையில் பெட்டியில் ஒருவரையொருவர் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். எங்கள் ஊரில் அது நடக்காத காரியம்.

ரயில் நிர்வாகத்தின் பச்சைச் சட்டை போட்ட பையன் ஒருவன் கையில் டேப்லெட்டுடன் வந்தான். டோபியஸ் என்று சட்டையில் பெயர்ப் பட்டை குத்தியிருந்தது.

"மேடம், புது ரயில் எப்படி இருக்கு? ரெண்டு வார்த்தை சொல்றீங்களா?"

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்ல வேண்டும். மிஸ் இஸ்மே வளர்ந்த வீட்டில் ஒரு முறை இருந்தது. யார் வீட்டுக்குச் சண்டை போடப் போனாலும் முதலில் காலை வணக்கம் சொல்ல வேண்டும். பிறகு நல்லதாக ஒரு வார்த்தை. வாசலில் செடி பூத்திருக்கிறதே, திரைச்சீலை அழகாக இருக்கிறதே என்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் சண்டையைத் திறக்க வேண்டும். அப்படிச் செய்யாதவரை வளர்ப்புச் சரியில்லாதவர் என்பார்கள். எங்கள் பெட்டியில் வரும் பார்படோஸ்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். அவர்கள் புகழத் தொடங்கினால் நாங்கள் குடையை விரித்துக்கொள்வோம், அடுத்தது இடி என்று.

டோபியஸுக்கு அது தெரியாது.

"குட் மார்னிங், கண்ணு" என்றார் மிஸ் இஸ்மே. "எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. கதவு அகலம், வெளிச்சம் நல்லாருக்கு, எங்க இருக்கோம்னு தெரியுது. இப்ப நான் சொல்றதையும் எழுதிக்கோ. ஒரே ஒரு ரயிலைக் கொண்டு வந்து காட்டுறீங்களே, இது என்ன, கடைக் கண்ணாடிக்குள்ள வெச்ச கேக்கா? நாங்க வெளியில நின்னு நாக்கைத் தொங்கப் போடணுமா? என் பையன் பள்ளிக்கூடம் போறப்ப வரும்னீங்க. அவனுக்கு இப்ப தாடி இருக்கு. சீட்டைக் குறைச்சிருக்கீங்க. மூணு தெரு தள்ளிப் போறவனுக்கு நிக்கிறது சுகம். லைன் முழுக்கப் போறவங்களுக்கு? ராத்திரியெல்லாம் நின்னு வேலை பார்த்துட்டு வர்ற நர்ஸம்மா எங்க உக்காருவாங்க? வர்றது எப்ப? வசந்தம்னு மட்டும் சொல்லாதே, தம்பி. எனக்கு அந்த வார்த்தையே அலுத்துப் போச்சு."

பையன் தலையாட்டிக்கொண்டே தட்டினான். "அருமை மேடம். ஒரு படம் எடுத்துக்கலாமா? இங்க விரலை வெச்சுடுங்க."

படம் எடுக்கும்போது சிரிப்பதும் வளர்ப்பில் சேர்ந்ததுதான். அவர் சிரித்தார். விரலை வைத்தார்.

சில வாரங்களில் அந்த ரயில் போய்விட்டது. எங்கே போயிற்று என்று கேட்டால் பணிமனைக்கு என்றார்கள். புதிய பெட்டிகள் வந்து சேர இன்னும் ஒரு வருஷம் தாமதமாகும் என்று செய்தி வந்தது. அதைத் தொடர்ந்து, எங்கள் பழைய, ஒழுகும் பெட்டிகளில் அந்த அட்டை வந்து உட்கார்ந்தது.

முதலில் பார்த்தவர் யூஸ்டஸ் கஃபி. கயானாக்காரர், ஒரு கட்டிடத்தில் காவல் வேலை. எங்களோடு அதே பெட்டியில் வருபவர். வாயில் எப்போதும் ஒரு கிண்டல் தயாராக இருக்கும்.

"ஏய், எல்லாரும் எழுந்திரிங்க" என்றார் அன்று காலை. "மகாராணி வர்றாங்க. அவங்களுக்கு இந்த ரயில் ரொம்பப் பிடிச்சிருக்காம்."

மிஸ் இஸ்மே நிமிர்ந்து பார்த்தார். தன் முகத்தையே நெடுநேரம் பார்த்தார். மேலே கூரையிலிருந்து ஒரு சொட்டு அட்டைமீது விழுந்து, அவருடைய படத்துக் கன்னத்தில் வழிந்தது.

"மிச்சம் எங்க?" என்றார் என்னிடம். "யொலாண்ட், நான் சொன்ன மிச்சத்தை எங்க போட்டிருக்காங்க?"

நான் மறுபக்கம் போய்ப் பார்த்தேன். எல்லா அட்டையிலும் அந்த ஒரு வரிதான்.

முதல் வாரம் அது வேடிக்கை. ரயில் சுரங்கத்தில் நின்றுபோனால் யாராவது, "மிஸ் இஸ்மே, பிடிச்சிருக்கா?" என்பார்கள். அவரும் சிரிப்பார். குளிர்காலம் வந்தது. கதவு சிக்கி, ரயிலைக் காலி செய்யச் சொல்லி, எங்களை எல்லாம் பனியில் வேறு ரயிலுக்காக நிறுத்தினார்கள். வேலைக்குப் பிந்தியவர்களைச் சும்மா விடுவார்களா? அப்போது கிண்டலில் முள் முளைத்தது. எனக்குத் தெரியாத ஒரு பெண், முகத்தை அடையாளம் கண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு, இல்ல? உங்களை மாதிரி ஆளுங்களால்தான் எங்களுக்கு எதுவும் வர்றதில்லை."

மிஸ் இஸ்மே வாயைத் திறந்தார். அந்தப் பெண் அதற்குள் கூட்டத்தில் போய்விட்டாள். எத்தனை பேருக்குத்தான் மிச்சத்தைச் சொல்ல முடியும்?

அவர் நிர்வாகத்துக்குப் போன் செய்தார். இடைவேளையில், சலவைக்கூடத்தின் பின்கதவருகில் நின்று செய்தாராம். என்னிடம் பிறகு சொன்னார். படத்தை எடுங்கள், அல்லது நான் சொன்னதை முழுசாகப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறார். ஒரு பெண் மிக மரியாதையாகப் பதில் சொன்னாளாம்: "நீங்க சம்மதிச்சு விரல் வெச்சிருக்கீங்க மேடம். முழுசாப் போட அட்டையில இடம் இல்லைங்க."

"இடம் இல்லையாம்" என்றார் மிஸ் இஸ்மே. "என் பல்லுக்கு மட்டும் இடம் இருந்திருக்கு."

பயணிகள் சங்கம் என்று ஒன்று எங்கள் பகுதியில் உண்டு. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் கூடுவோம். காப்பியும் தேங்காய் ரொட்டியும் இருக்கும். நிர்வாகம் நடத்தும் கருத்துக் கேட்புக் கூட்டத்தில் யார் பேசுவது என்று முடிவு செய்யத்தான் அன்று கூடினோம். அதுவரை அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. மிஸ் இஸ்மேதான் பேசுவார். அன்று அவர் எழுந்தபோது யூஸ்டஸ் கஃபி நாற்காலியில் சாய்ந்துகொண்டே சொன்னார்:

"நீங்க ஏற்கெனவே பேசிட்டீங்களே, மிஸ் லாஷ்லி. ஊரெல்லாம் ஒட்டியிருக்கு."

சிலர் சிரித்தார்கள்.

"நான் சொன்னதில் கால்வாசிகூட அதுல இல்லை, கஃபி. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்ன தெரியும்? நான் அட்டையைத்தான் படிக்கிறேன். சும்மாவா போட்டாங்க? ஆயுசு பூரா ஓசிப் பயணம்னு கேள்விப்பட்டேன்."

இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. அதுதான் மோசம். சிரித்திருந்தால் அது கிண்டல். சிரிக்காததால், பலர் அதை ஏற்கெனவே கேள்விப்பட்டிருந்தார்கள் என்று தெரிந்தது. வெந்நீர்க் குழாய்க்காக அவர் யாருக்கெல்லாம் கோர்ட்டில் நின்றாரோ, அவர்களில் சிலர் காப்பிக் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மிஸ் இஸ்மே பையை எடுத்துக்கொண்டார்.

"யார் வேணும்னாலும் பேசுங்க. நானும் பேசுவேன். சங்கத்துக்காக இல்லை, எனக்காக" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நிர்வாகத்தின் கூட்டம் மன்ஹாட்டனில், குளிர்சாதனம் ஒழுங்காக வேலை செய்யும் ஒரு பெரிய அறையில் நடந்தது. மேடையில் அதிகாரிகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருவருக்கு இரண்டு நிமிஷம். முடிந்தால் மணி அடித்து மைக்கை அணைத்துவிடுவார்கள். எங்களில் பலர் வேலையிலிருந்து நேரே வந்திருந்தோம். யூஸ்டஸ் காவல் உடையோடு வந்திருந்தார். எனக்கு முன்வரிசையில் மிஸ் இஸ்மேயின் தேவாலயத்துப் பெண்கள் தொப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

பெயரைக் கூப்பிட்டார்கள். மிஸ் இஸ்மே மைக்கின் முன்னால் போய் நின்றார்.

"நீங்க என் பேச்சை வெட்டிட்டீங்க" என்றார்.

முன்வரிசையில் ஒரு தொப்பி திடுக்கென்று நிமிர்ந்தது. மாலை வணக்கம் இல்லை. ஐயா, அம்மா இல்லை. நல்லதாக ஒரு வார்த்தை இல்லை. "ஆண்டவரே, இவளுக்கு என்ன ஆச்சு" என்று அந்தப் பெண்களில் ஒருவரான சிஸ்டர் கிட்டன்ஸ் முணுமுணுத்தார். அவர்களுக்கு அது மிஸ் இஸ்மே துணியில்லாமல் வந்து நின்றதுபோல் இருந்திருக்கும்.

"வழக்கமா முதல்ல நல்லதைச் சொல்லித்தான் தொடங்குவேன்" என்றார் அவர். "அப்படித்தான் வளர்த்தாங்க. நீங்க அந்த நல்லதை மட்டும் கத்தரிச்சு எடுத்து, என் மூஞ்சியோட சேர்த்து ஒட்டிட்டீங்க. அதனால உங்ககிட்ட இனிமே நல்ல வார்த்தை கிடையாது. ரயில் எங்க? அதைச் சொல்லுங்க. யார் செய்ய ஒப்புக்கிட்டாங்க, ஏன் வரலை, லேட்டானதுக்கு அவங்களை என்ன கேட்டீங்க? நாங்க லேட்டாப் போனா எங்க சம்பளத்தை வெட்டுறாங்க. உங்க ரயில் வருஷக் கணக்கா லேட்டு. யாரோட எதை வெட்டுனீங்க? என் பேச்சைத்தான் வெட்டுனீங்க."

அறையின் பின்பக்கத்தில் யாரோ ஒருவர் மேசையைத் தட்டினார். மேடையின் நடுவில் இருந்த அதிகாரி அம்மாள் இனிமையாகச் சிரித்தார். கோபத்தில் இருப்பவரைப் பார்த்துச் சிரிக்கப் பழகியவர் போலிருந்தது.

"மிஸ் லாஷ்லி, உங்களை எங்க எல்லாருக்கும் தெரியும். எங்க போஸ்டர் நட்சத்திரம் நீங்கதான். உங்க ஆர்வத்துக்கு நன்றி."

மேடையில் சிரிப்பு பரவியது. மிஸ் இஸ்மே பதில் சொல்ல வாயெடுத்தார். மணி அடித்தது. மைக் செத்தது. அவருடைய உதடுகள் அசைந்ததை மட்டும் பார்த்தோம். அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டார்கள்.

வெளியே வந்தபோது யூஸ்டஸ் படியில் நின்றிருந்தார். ஏதோ சொல்ல வந்தவர், தொப்பியைக் கழற்றி மறுபடி மாட்டிக்கொண்டார். மிஸ் இஸ்மே அவரைத் தாண்டிப் போனார்.

நிர்வாகம் அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இங்கே நின்றிருக்கும். கோடை தொடங்கியபோது பழைய அட்டைகளை எடுத்துவிட்டுப் புது அட்டை மாட்டினார்கள். அதே முகம். அதே சிரிப்பு. வாசகம்தான் வேறு: "நீங்கள் சொன்னீர்கள். நாங்கள் கேட்டோம். நன்றி, இஸ்மே."

இப்போது பெயரும் வந்துவிட்டது.

அதை நாங்கள் பார்த்தது வேலை முடிந்து திரும்பும் வேளையில். பெட்டி பிதுங்கியது. வழக்கம்போலக் குளிர்சாதனம் வேலை செய்யவில்லை. முதுகில் வியர்வை ஓடியது. ரயில் சுரங்கத்தின் நடுவில் நின்றது. உருளைக்கிழங்குக் குரல் ஏதோ சொன்னது. மிஸ் இஸ்மே அட்டையைப் படித்தார். பிறகு கீழே உட்கார்ந்திருந்த ஓர் இளைஞனிடம், "கொஞ்சம் எழுந்திரு, கண்ணு" என்றார். அவன் எழுந்தான். அவர் பையை என் கையில் கொடுத்துவிட்டு, சலவைக்கூடத்து ரப்பர்ச் செருப்போடு அந்த ஆரஞ்சு சீட்டின்மேல் ஏறினார்.

ஏறியும் எட்டவில்லை. அவர் குள்ளம். விரல் நுனி அட்டையின் கீழ் விளிம்பைத் தொட்டுத் தொட்டு வழுக்கியது.

யாரோ அவருடைய இடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கொஞ்சம் தூக்கினார்கள். பார்த்தால் யூஸ்டஸ் கஃபி.

"நடுவுல அழுத்துங்க" என்றார். "வளைச்சா வந்துரும்."

"கையை எடு, கஃபி."

"எடுத்தா விழுவீங்க."

கண்டக்டரின் அறைக் கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஓர் ஆள் தலையை நீட்டினார். சீட்டில் நிற்பவரைப் பார்த்தார். அட்டையைப் பார்த்தார். மறுபடியும் அவரைப் பார்த்தார்.

"அம்மா, அதையெல்லாம் தொடக்கூடாது."

"எதை? என் மூஞ்சியையா?"

கண்டக்டர் யோசித்தார். "என் வேலை ரயில் கதவு மட்டுந்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்த் தன் கதவைச் சாத்திக்கொண்டார்.

அட்டை நடுவில் வளைந்து, டப்பென்று சட்டத்திலிருந்து கழன்று வந்தது. பின்னால் வெறும் அழுக்குத் தகரம் தெரிந்தது. மிஸ் இஸ்மே இறங்கி, அட்டையை முழங்காலில் வைத்து நாலாக மடித்துப் பைக்குள் திணித்தார். பெட்டியில் யாரும் கைதட்டவில்லை. எங்கள் ஊரில் அப்படிச் செய்ய மாட்டார்கள். ஆனால் மறுகோடியில், குளிர்காலத்தில் குழந்தையோடு நின்று அவரைத் திட்டிய அந்தப் பெண்ணைப் போலவே இருந்த ஒருத்தி, இன்னொரு சீட்டின்மேல் ஏறி இன்னொரு அட்டையை வளைத்துக்கொண்டிருந்தாள். அவளேதானா என்று எனக்குத் தெரியவில்லை.

அதற்கப்புறம் அட்டைகள் எங்கள் கட்டிடத்துக்கு வரத் தொடங்கின. சுருட்டிக் கதவடியில் செருகிவிட்டுப் போவார்கள். சிலது எங்கள் லைனின் மறுகோடியிலிருந்து வந்தவை. ஒருநாள் யூஸ்டஸ் கைக்கு அடியில் ஒரு கட்டோடு வந்து நின்றார். நான் அப்போது மிஸ் இஸ்மேயின் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

"கடற்கரைப் பக்கம் போற ரயில்ல இருந்துச்சு" என்றார். "கழட்டினப்ப எல்லாரும் திருடனைப் பாக்குற மாதிரி பார்த்தாங்க."

"திருடன்தானே."

"ஓசிப் பயணம்னு நான் சொன்னது..." என்று தொடங்கினார்.

"சொன்னீங்க" என்றார் மிஸ் இஸ்மே. "அட்டையை அந்த மூலையில வைங்க. மீன் வடை இருக்கு, தின்னுட்டுப் போங்க."

அவர் மன்னித்தார் என்று நான் சொல்லமாட்டேன். வடை கொடுத்தார், அவ்வளவுதான்.

நிர்வாகம் அட்டை மாட்டும் சட்டங்களைக் காலியாகவே விட்டுவிட்டது. மறுபடி அச்சடித்து அனுப்பத் தாமதமாகும் என்று சொன்னதாகக் கேள்வி. தாமதம் என்ற ஒன்றில் மட்டும் அவர்கள் சொன்ன சொல் தவறுவதில்லை. ரயிலும் வரவில்லை. ஜூலை வந்தது. நடுப்பெட்டி அடுப்பாகக் கொதித்தது. ஒரு காலையில், கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த ஒரு நர்ஸம்மா, விசிறிக்கொண்டிருந்த காகிதத்தை நிறுத்திவிட்டு, மிஸ் இஸ்மேயின் பக்கம் குனிந்து, குரலில் துளிக் கிண்டலும் இல்லாமல் கேட்டார்:

"மிஸ் லாஷ்லி, நீங்க சொல்லுங்க. நிஜமா அந்த ரயில் எப்ப வரும்?"

பக்கத்தில் நின்றவர்களும் காதைத் திருப்பினார்கள். யூஸ்டஸும்தான்.

"எனக்குத் தெரியாது" என்றார் மிஸ் இஸ்மே. "அவங்களுக்கும் தெரியாது. தெரிஞ்ச மாதிரி யாராவது வந்து பேசினா நம்பாதீங்க."

நர்ஸம்மா தலையசைத்துவிட்டு மறுபடி விசிறத் தொடங்கினார். இஸ்மே சொன்னால் அது அப்படித்தான்.